வெயிலுக்கும் குளிருக்கும் ஒரே வீடு: ஏ.சி., கூலர், கீசர், ஹீட்டர் ஆகியவற்றை ஆண்டு முழுதும் பேணும் முறை

சென்னையிலோ மதுரையிலோ வளர்ந்தவர்களுக்கு வீட்டைக் குளிர்விப்பது பழகிய கவலை. வீட்டைச் சூடேற்றுவது பழகாத கவலை. பணிமாற்றல், தொழில், பிள்ளைகளின் படிப்பு முதலிய காரணங்களால் டெல்லி, சண்டிகர், லக்னோ, ஜெய்ப்பூர் போன்ற வடநாட்டு நகரங்களுக்குக் குடிபெயரும் தமிழ்க் குடும்பங்கள் இந்த இரண்டு கவலைகளையும் ஒரே வீட்டில், ஒரே ஆண்டில் எதிர்கொள்கின்றன. மே மாதப் பகலில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும் வெப்பம், ஜனவரி இரவுகளில் 5 டிகிரிக்கும் கீழே இறங்குவதுண்டு. அதற்கேற்ப ஏ.சி., ஏர்கூலர், கீசர், ரூம் ஹீட்டர் என ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு சாதனம் வீட்டில் இடம்பிடிக்கிறது.

இச்சாதனங்களை வாங்கும்போது காட்டும் அக்கறையை அவற்றைப் பேணுவதில் நாம் காட்டுவதில்லை. அதனால் இருவகை இழப்புகள் நேர்கின்றன. ஒன்று பண இழப்பு. அது மின்கட்டணத்திலும் பழுதுச் செலவிலும் வெளிப்படும். மற்றொன்று உயிரிழப்பு. கூலரில் மின்கசிவு, ஏ.சி. இணைப்பில் தீ, மூடிய குளியலறையில் கார்பன் மோனாக்சைடு என ஆண்டுதோறும் நாளிதழ்களில் நாம் காணும் செய்திகளில் பல, சில நிமிடக் கவனத்தால் தடுக்கப்பட்டிருக்கக் கூடியவை. எந்தப் பருவத்தில் எதை, ஏன் கவனிக்க வேண்டும் என்பதை இக்கட்டுரையில் வரிசையாகக் காண்போம். வடஇந்தியச் சமவெளியின் பருவங்களை அடிப்படையாகக் கொண்டாலும், இதில் கூறப்படும் நெறிகள் பெரும்பாலும் எல்லா ஊர்களுக்கும் பொருந்துவனவே.

பிப்ரவரி, மார்ச்: ஏ.சி.யை இயக்கும் முன்

ஏ.சி. குளிரை உற்பத்தி செய்வதில்லை. அறையிலுள்ள வெப்பத்தை எடுத்து வெளியே கொண்டுபோய்ச் சேர்க்கிறது. இந்த ஒரு கருத்தைப் புரிந்துகொண்டால் அதன் பராமரிப்பு முழுவதும் எளிதில் விளங்கும். அறைக்குள் இருக்கும் காயில் வெப்பத்தை உறிஞ்சுகிறது. வெளியே இருக்கும் காயில் அதை வெளிக்காற்றில் கொட்டுகிறது. இவ்விரண்டுக்கும் இடையே வாயுவைச் சுழலவிடுவது கம்ப்ரசர். ஆகவே உள்ளே காற்று தடையின்றி நுழைய வேண்டும்; வெளியே வெப்பம் தடையின்றி நீங்க வேண்டும். இவற்றுள் எது தடைப்பட்டாலும் கம்ப்ரசர் கூடுதலாக உழைக்கும். அந்த உழைப்புக்குரிய விலையை நாம் மின்கட்டணமாகச் செலுத்துவோம்.

உள் அலகின் வடிகட்டியை வீட்டிலுள்ளவர்களே கழற்றி, குழாய் நீரில் கழுவி, நிழலில் உலர்த்தி மாட்டலாம். பயன்பாட்டுக் காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இதைச் செய்வது நல்லது. தூசி அடைத்த வடிகட்டியால் காற்றோட்டம் குறையும்போது காயில் பனிக்கட்டி உறைவதுண்டு. அது உருகி அறைக்குள் சொட்டும்போது, ஏ.சி. பழுதாகிவிட்டது என்று நாம் எண்ணிவிடுகிறோம்.

வெளி அலகின் நிலையே பெரும்பாலும் கவனிக்கப்படுவதில்லை. ராஜஸ்தான் பக்கமிருந்து வீசும் புழுதிக்காற்றும் புறாக்களின் கூடுகளும் அதன் தகடுகளை அடைத்துவிடுகின்றன. மின்சாரத்தை முற்றிலும் துண்டித்த பிறகே அதைக் கழுவ வேண்டும். மெல்லிய அலுமினியத் தகடுகள் வளைந்துவிடும் என்பதால் மிகு அழுத்தத்தில் நீரைப் பாய்ச்சலாகாது. மாடிச்சுவரில் எட்டாத உயரத்தில் பொருத்தப்பட்டிருந்தால், உரிய பாதுகாப்புப் பட்டையுடன் வரும் தொழிலாளியிடமே அப்பணியை ஒப்படைக்க வேண்டும். அலகைத் தாங்கும் இரும்புச் சட்டம் துருப்பிடித்திருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ளலாம்.

'கேஸ் குறைந்துவிட்டது' என்ற சொல்

பருவத்தின் முதல் பராமரிப்புக்கு வருபவர் பல வீடுகளில் சொல்லும் சொல் இது. வாகனத்தில் பெட்ரோல் தீர்வது போல ஏ.சி.யில் வாயு தீர்வதில்லை. அது மூடிய குழாய்களுக்குள் சுழன்றுகொண்டே இருக்கும். வாயு குறைந்திருக்கிறது என்றால் எங்கோ கசிகிறது என்று பொருள். கசிவை அடைக்காமல் வாயுவை நிரப்பினால், அடுத்த கோடையில் அதே செலவு மீண்டும் வரும்.

எனவே மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். அழுத்தத்தை அளந்து காட்டினாரா? கசிவு எந்த இடத்தில் என்று கண்டறிந்தாரா? அதை அடைத்தபின், குழாய்களிலுள்ள காற்றையும் ஈரத்தையும் வெற்றிட பம்பால் அகற்றிவிட்டு, சாதனத்தின் வில்லையில் குறித்த எடைக்கு வாயுவை நிரப்புகிறாரா? கசிவுச் சோதனைக்கு நைட்ரஜனையே பயன்படுத்த வேண்டும். குழாய்க்குள் இருக்கும் எண்ணெயுடன் ஆக்சிஜன் அழுத்தத்தில் சேர்ந்தால் வெடிப்பு நேரும்.

வாயுவின் வகையும் முக்கியமானது. பழைய ஏ.சி.களில் இருக்கும் ஆர்-22, ஓசோன் படலத்துக்கு ஊறு செய்வது. 1987ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கையின் வழியே படிப்படியாகக் கைவிடப்பட்டு வருவது. இன்று பரவலாக உள்ள ஆர்-32 ஓசோனுக்குக் கேடு செய்யாதது; ஆயினும் ஓரளவு தீப்பற்றக் கூடியது. சில சாதனங்களில் உள்ள ஆர்-290 என்பது புரொப்பேன், எளிதில் தீப்பற்றுவது. ஒரு வாயுவுக்கென வடிவமைத்த சாதனத்தில் மற்றொன்றை நிரப்பலாகாது. வில்லையில் எழுதியிருக்கும் பெயரும் கொண்டுவந்த உருளையின் பெயரும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்ப்பதற்குத் தொழில்நுட்ப அறிவு தேவையில்லை, எழுத்தறிவு போதும்.

ஏப்ரல் முதல் ஜூன் வரை: வறண்ட வெப்பமும் கூலரும்

வடநாட்டுக் கோடையின் முற்பகுதியில் ஏர்கூலர் சிக்கனமான துணை. நீர் ஆவியாகும்போது சுற்றியுள்ள வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். மண்பானை நீர் குளிர்வதும் இதே முறையில்தான். ஒரு லிட்டர் நீர் முழுவதும் ஆவியாக ஏறத்தாழ 0.68 யூனிட் அளவு வெப்பம் தேவை. அதைக் கூலர் காற்றிலிருந்தே பெறுகிறது. மின்சாரம் செலவாவது விசிறிக்கும் சிறு பம்புக்கும் மட்டுமே.

ஆனால் இம்முறை காற்றின் வறட்சியை நம்பியது. வெப்பம் 42 டிகிரியும் ஈரப்பதம் 20 விழுக்காடும் இருக்கும் மே மாதப் பிற்பகலில், நல்ல கூலர் 28 டிகிரி அளவுக்குக் குளிர்ந்த காற்றைத் தரக்கூடும். ஜூலை இறுதியில் வெப்பம் 34 டிகிரியாகக் குறைந்தாலும் ஈரப்பதம் 75 விழுக்காடாக உயர்ந்துவிட்டால், அதே கூலர் 31 டிகிரிக் காற்றைத்தான் தரும், புழுக்கமோ மிகும். கடலோர நகரங்களில் கூலர் பயன்தராததற்கும் இதுவே காரணம். கூலர் ஓடும்போது சன்னல் திறந்திருக்க வேண்டும். ஈரக்காற்று வெளியேற வழியில்லையெனில், சிறிது நேரத்தில் அது அறையைப் புழுங்க வைத்துவிடும்.

பருவத் தொடக்கத்தில், பக்கங்களில் உள்ள மரச்சுருள் அல்லது தேன்கூட்டுப் பட்டைகளைப் பார்க்க வேண்டும். மரச்சுருளை ஆண்டுதோறும் மாற்றுவது வழக்கம். தேன்கூட்டுப் பட்டை உப்புப் படியாமல் கழுவிவந்தால் சில ஆண்டுகள் உழைக்கும். கடின நீர் உள்ள ஊர்களில் தொட்டி நீரை அடிக்கடி வடித்துப் புதுநீர் ஊற்றினால் உப்புப் படிவு குறையும்.

கூலரில் உயிருக்கு ஊறு செய்யக்கூடியவை இரண்டு. முதலாவது மின்கசிவு. இரும்பு உடல், நிறைந்த நீர், அதனுள் மூழ்கிய பம்ப், ஈரக்கையுடன் நிற்கும் மனிதர் என ஆபத்துக்குரிய எல்லாம் அங்கே ஒன்றுகூடுகின்றன. பிளக்கைக் கழற்றாமல் தொட்டியில் நீர் ஊற்றலாகாது. கூலரைத் தொடவும் கூடாது. மூன்று முனைப் பிளக்கும் முறையான எர்த் இணைப்பும் கட்டாயம் தேவை. வீட்டு மின்பலகையில் 30 மில்லி ஆம்பியர் கசிவையே உணர்ந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று மின்பணியாளரிடம் கேட்டறிய வேண்டும். 'எம்.சி.பி. இருக்கிறதே' என்ற பதில் போதாது. எம்.சி.பி. கம்பியைக் காப்பது; மனிதரைக் காப்பது ஆர்.சி.சி.பி. அதன் மேலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்த்தால், மின்சாரம் துண்டிக்கப்படுகிறதா என்பது தெரிந்துவிடும்.

இரண்டாவது டெங்கு. அதைப் பரப்பும் ஏடிஸ் கொசு தேங்கிய நன்னீரில் பெருகும். முட்டை முழுக் கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை ஆகிறது. ஆகவே வாரம் ஒருமுறை தொட்டியை முற்றிலும் காலிசெய்தால் அந்தச் சுழற்சி அறுந்துவிடும். காலிசெய்வதோடு நிற்காமல் உட்சுவரைத் தேய்த்துக் கழுவவும் வேண்டும்; சுவரில் ஒட்டிய முட்டைகள் நீரில்லாமலே மாதக்கணக்கில் உயிர்ப்புடன் இருக்கக் கூடியவை. வாரத்தில் ஒரு நாளை இதற்கென வைத்துக்கொள்வது நல்ல பழக்கம்.

24 டிகிரியின் கணக்கு

எரிசக்தித் திறன் செயலகம், நட்சத்திரக் குறியீடு பெற்ற அறை ஏ.சி.கள் இயக்கத் தொடங்கும்போது 24 டிகிரியில் நிற்க வேண்டும் என்ற விதியை 2020 ஜனவரி முதல் நடைமுறைப்படுத்தியது. வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்தினால் ஏறத்தாழ 6 விழுக்காடு மின்சாரம் மிஞ்சும் என்பது அச்செயலகம் கூறும் அளவு.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைப் பார்ப்போம். 20 டிகிரியில் வைத்தால் ஓர் ஏ.சி. நாளொன்றுக்கு 10 யூனிட் எடுக்கிறது என்று கொள்வோம். 24 டிகிரிக்கு உயர்த்தினால் 7.8 யூனிட் அளவு போதும். நாளுக்கு 2.2 யூனிட் மிச்சம். 120 நாள் கோடைக்கு 264 யூனிட். யூனிட் 7 ரூபாய் என்றால் 1,848 ரூபாய். இது ஓர் ஏ.சி.யின் ஒரு கோடைக்கான மிச்சம். மின்விசிறியை மெதுவாகச் சுழலவிட்டால் 26 டிகிரியும் இதமாகவே இருக்கும்; விசிறியின் செலவோ மிகச் சிறிது. 16 டிகிரியில் வைத்தால் அறை விரைவில் குளிரும் என்பது தவறான நம்பிக்கை. கம்ப்ரசர் நெடுநேரம் ஓடுமேயன்றி, குளிர் அதனால் விரைந்து வந்துவிடாது.

ஜூலை முதல் செப்டம்பர் வரை: புழுக்கமும் ஈரமும்

மழை தொடங்கிய பின் வெப்பத்தைவிட ஈரமே துன்பம் தருகிறது. ஏ.சி.யின் 'டிரை' நிலை இக்காலத்துக்கு உகந்தது. காற்றிலிருந்து பிரித்தெடுக்கும் நீர் வெளியேறும் வடிகுழாய் பாசியால் அடைபடுவது இப்பருவத்தின் வழக்கமான பழுது. குழாய் சரிவாக இறங்குகிறதா, நுனி நீரில் மூழ்கியிருக்கிறதா என்பதைப் பார்த்தாலே பாதிச் சிக்கல் தீரும். உள்ளே பூசண மணம் வீசினால், அணைப்பதற்கு முன் சிறிது நேரம் விசிறி நிலையில் மட்டும் ஓடவிட்டுக் காயிலை உலரச் செய்யலாம்.

இக்காலத்தில் மின் இணைப்புகளைத் தொட்டு உணர்வதைவிடப் பார்த்து உணர்வதே நல்லது. பிளக் முனை கருகியிருத்தல், பிளாஸ்டிக் உருகிய நாற்றம், சாக்கெட்டிலிருந்து 'கிர்' என்ற ஒலி ஆகிய மூன்றும் தீக்கு முந்திய எச்சரிக்கைகள். இவற்றுள் ஒன்று தென்பட்டாலும் மெயினை அணைத்துவிட்டு மின்பணியாளரை அழைக்க வேண்டும். ஒன்றரை டன் ஏ.சி.யை எக்ஸ்டென்ஷன் போர்டு வழியே இயக்குவது எந்நாளும் தவறு. அதற்கெனத் தனிக் கம்பி, 16 ஆம்பியர் சாக்கெட் அல்லது நேரடி இணைப்பு, தனி எம்.சி.பி. ஆகியவை வேண்டும்.

அக்டோபர், நவம்பர்: ஒரு பருவத்தை மூடி மற்றொன்றைத் திறத்தல்

தீபாவளியை ஒட்டிய வாரங்களே இப்பணிக்கு ஏற்றவை. கூலரின் நீரை வடித்து, தொட்டியைத் தேய்த்து உலர்த்தி, பட்டைகளைக் கழற்றி வைத்து, துணியால் மூட வேண்டும். உலராத தொட்டி துருப்பிடிக்கும். ஏ.சி.யின் வடிகட்டியைக் கழுவி, விசிறி நிலையில் அரைமணி நேரம் ஓடவிட்டு, பின் அதற்குரிய எம்.சி.பி.யை அணைத்துவிடலாம். வெளி அலகை மூடுவதானால், காற்றோட்டமுள்ள உறையால் மேற்புறத்தை மட்டும் மூடுவது நல்லது. இறுக்கமான பிளாஸ்டிக் உறைக்குள் ஈரம் தங்கிவிடும்; எலியும் குடிபுகும். உறையுடனே அதை இயக்கிவிடாதிருக்க, எம்.சி.பி.யின் மேல் ஒரு சீட்டு ஒட்டிவைக்கலாம்.

இதே வாரங்களில் கீசரைத் தயார் செய்ய வேண்டும். ஆறேழு மாதம் ஓய்ந்திருந்த கீசரை நேராக இயக்கிவிடலாகாது. முதலில் வெந்நீர்க் குழாயைத் திறந்து, நீர் சீராக வருகிறதா என்று பார்க்க வேண்டும். நீரில்லாத கலனில் சூடேற்றும் சுருள் இயங்கினால் உடனே கெட்டுவிடும்.

கீசரின் உள்ளே நமக்குத் தெரியாமல் உழைக்கும் பாகங்கள் மூன்று. நீர் குறித்த வெப்பத்தை அடைந்ததும் மின்சாரத்தை நிறுத்தும் தெர்மோஸ்டாட் ஒன்று. அது தவறினால் உதவும் தெர்மல் கட்-அவுட் மற்றொன்று. இரண்டும் தவறி அழுத்தம் ஏறினால் அதை வெளியேற்றும் அழுத்த வால்வு மூன்றாவது. அந்த வால்விலிருந்து நீர் சொட்டுகிறது என்று அதை அடைத்துவிடுவது, கலன் வெடிக்க வழிசெய்வதாகும். சொட்டு தொடர்ந்து வந்தால் வால்வை மாற்ற வேண்டுமேயன்றி அடைக்கலாகாது.

உப்புநீர் உள்ள பகுதிகளில் சுருளின் மேல் சுண்ணாம்புப் படிவு ஏறும். அப்படிவு வெப்பம் நீருக்குச் செல்வதைத் தடுப்பதால் சூடேற நேரமாகும். சுருளும் விரைவில் கருகும். இரண்டாண்டுக்கு ஒருமுறையேனும், உப்பு மிகுந்த ஊர்களில் ஆண்டுதோறும், கலனைத் திறந்து படிவை அகற்றச் சொல்லலாம். கலன் துருப்பிடிக்காமல் காப்பதற்காகத் தன்னைக் கரைத்துக்கொள்ளும் மக்னீசியத் தண்டு ஒன்றும் உள்ளே உண்டு. அது கரைந்து தீர்ந்துவிட்டால், அடுத்து அரிக்கப்படுவது கலனே. சில நூறு ரூபாய்த் தண்டைக் காலத்தில் மாற்றினால், பல ஆயிரம் ரூபாய்க் கலன் பிழைக்கும்.

வெப்பநிலையை 55 முதல் 60 டிகிரி வரை வைப்பது பொருத்தம். 20 முதல் 45 டிகிரி வரையிலான தேங்கிய நீர், நுரையீரல் நோய் தரும் லீஜியோனெல்லா என்னும் நுண்ணுயிர் பெருக ஏற்றது என்பதால் மிகக் குறைத்து வைப்பதும் நன்றன்று. ஆயினும் 60 டிகிரி நீர் சில நொடிகளில் தோலைச் சுட்டுவிடும். குழந்தைகளும் முதியோரும் உள்ள வீட்டில் வாளியில் தண்ணீரை முதலில் ஊற்றி, பிறகு வெந்நீரைக் கலக்க வேண்டும். குளிக்கத் தொடங்குமுன் கீசரை அணைத்துவிடுவதும் நல்வழக்கம்.

டிசம்பர், ஜனவரி: மூடிய அறையும் கண்ணுக்குத் தெரியாத நஞ்சும்

தெற்கிலிருந்து வரும் குடும்பங்கள் மிகுந்த கவனத்துடன் படிக்க வேண்டிய பகுதி இது. சமையல் எரிவாயுவில் இயங்கும் கேஸ் கீசர் மின்சாரக் கீசரைவிடச் செலவு குறைந்தது. நொடியில் வெந்நீர் தருவது. அதனால் வாடகை வீடுகள் பலவற்றில் குளியலறைக்குள்ளேயே அது பொருத்தப்பட்டிருக்கிறது. கேடு தொடங்கும் இடமும் அதுவே.

எந்த நெருப்பும் ஆக்சிஜனை உண்டே எரிகிறது. சிறிய குளியலறையில் கதவும் சன்னலும் குளிருக்கு அஞ்சி மூடப்பட்டிருக்கும்போது ஆக்சிஜன் குறைகிறது. எரிதல் முழுமையடையாமல் கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. இவ்வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை, கண்ணில் எரிச்சலுமில்லை. சமையல் எரிவாயு கசிந்தால் நாற்றம் வருவது, அதில் எச்சரிக்கைக்கென மணப்பொருள் கலக்கப்படுவதால். எரிந்து முடிந்த பின் உண்டாகும் கார்பன் மோனாக்சைடில் அந்த எச்சரிக்கை இல்லை. அது இரத்தத்தின் ஹீமோகுளோபினுடன் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாகப் பிணைகிறது. தலைவலி, தலைசுற்றல், குமட்டல், கால் தளர்ச்சி என வரிசையாக வந்து, கதவைத் திறக்க வேண்டும் என்று தோன்றும் வேளையில் எழவே முடியாத நிலை ஏற்படுகிறது.

ஆகவே கேஸ் கீசர் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமுள்ள பால்கனியிலோ பயன்பாட்டு முற்றத்திலோதான் இருக்க வேண்டும். வாடகை வீட்டில் அது உள்ளே இருந்தால், வீட்டு உரிமையாளரிடம் இடம்மாற்றித் தரக் கேட்பது கூச்சப்பட வேண்டிய செயலன்று. மாற்றும் வரை, வாளிகளில் வெந்நீரை நிரப்பிக்கொண்டு, கீசரை அணைத்து, கதவைத் திறந்து காற்றை மாற்றிய பிறகே குளிக்கச் செல்ல வேண்டும். சுடர் நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிந்தால், எரிதல் சரியில்லை என்று பொருள். பராமரிப்பாளர் பார்க்கும் வரை பயன்படுத்தலாகாது.

குளிர் இரவுகளில் அறைக்குள் வைக்கப்படும் கரி அடுப்புக்கும் இதே விதி பொருந்தும். புகை அடங்கிய தணல் தீங்கற்றது போலத் தோன்றும். ஆனால் மூடிய அறையில் அத்தணலே உயிர் கவரும். உறங்கும் அறையில் கரித்தணலை எக்காரணத்தாலும் வைக்கலாகாது. ஒரே வீட்டில் பலருக்கு ஒரே நேரத்தில் தலைவலியும் குமட்டலும் வந்தால் அதை உணவின் கோளாறு என்று எண்ணிவிடாமல், கதவு சன்னல்களைத் திறந்து, அனைவரையும் வெளியே கொண்டுவந்து, 112 என்னும் அவசர எண்ணை அழைக்க வேண்டும். எரிவாயுக் கசிவுக்கு உரிய அவசர எண் 1906.

மின்சார ரூம் ஹீட்டர் ஆக்சிஜனைத் தின்றுவிடும் என்ற கருத்து பரவலாக உண்டு. அதில் நெருப்பு இல்லை. எனவே ஆக்சிஜன் செலவாவதுமில்லை, கார்பன் மோனாக்சைடு உண்டாவதுமில்லை. காற்று சூடாகும்போது அதன் ஒப்பு ஈரப்பதம் குறைவதால் தொண்டையும் கண்ணும் வறள்கின்றன. அறையில் ஓர் அகன்ற பாத்திரத்தில் நீர் வைப்பது இதற்காகவே. மின்சார ஹீட்டரின் உண்மையான ஆபத்து தீ. 2,000 வாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் 8.7 ஆம்பியர் மின்சாரம் இழுக்கும். 6 ஆம்பியருக்கு உரிய சாதாரணப் போர்டில் அதை மாட்டினால் கம்பி சூடேறி உருகும். திரைச்சீலை, போர்வை, மெத்தை ஆகியவற்றிலிருந்து மூன்றடியேனும் தள்ளி வைக்க வேண்டும். ஈரத்துணியை அதன்மேல் உலர்த்தலாகாது. உறங்குமுன் அணைத்துவிட வேண்டும். குழந்தைகள் உள்ள வீட்டில், சிவந்து ஒளிரும் சுருள் வெளியே தெரியும் வகையைவிட எண்ணெய் நிரப்பிய ரேடியேட்டர் வகை பாதுகாப்பானது.

வாளியில் போடும் இம்மர்ஷன் ராட் மலிவானது. ஆனால் கவனக்குறைவை அது மன்னிப்பதில்லை. நீர் சூடேறிவிட்டதா என்று விரலை விட்டுப் பார்ப்பது உயிரைப் பணயம் வைப்பதாகும். சுவிட்சை அணைத்து, பிளக்கைக் கழற்றி, ராடை வெளியே எடுத்த பிறகே நீரைத் தொட வேண்டும்.

குளிர்காலச் செலவைக் குறைக்கும் வழி

2,000 வாட் ஹீட்டர் நாளுக்கு 5 மணி நேரம் ஓடினால் 10 யூனிட். மாதத்துக்கு 300 யூனிட். யூனிட் 7 ரூபாய் என்றால் 2,100 ரூபாய். அறை அதே அளவு வெப்பம் பெற 'ஹாட் அண்ட் கோல்டு' வகை ஏ.சி. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மின்சாரமே எடுக்கும். ஹீட்டர் வெப்பத்தை உண்டாக்குகிறது, ஏ.சி.யோ வெளிக்காற்றில் உள்ள வெப்பத்தை உள்ளே கொண்டுவருகிறது. புதிய ஏ.சி. வாங்க எண்ணுவோர் வடநாட்டில் வாழ்வதானால் இதையும் கணக்கில் கொள்ளலாம்.

கீசரைப் பொறுத்தவரை, 15 லிட்டர் நீரை 15 டிகிரியிலிருந்து 55 டிகிரிக்குச் சூடேற்ற 0.7 யூனிட் போதும். நாளெல்லாம் இயக்கத்தில் விட்டுவைக்கும்போது, சுவர்வழி இழக்கும் வெப்பத்தை ஈடுசெய்ய அது மீண்டும் மீண்டும் மின்சாரம் எடுக்கிறது. தேவைக்கு 20 நிமிடம் முன் இயக்கி, பின் அணைப்பதே சிக்கனம். கதவடி இடைவெளியைத் துணியுருளையால் மறைப்பதும், பகலில் வெயில் படும் சன்னல் திரையை விலக்குவதும் செலவில்லாத சூடேற்றும் முறைகள். ஆனால் நெருப்பு எரியும் அறையில் மட்டும் எந்த இடைவெளியையும் அடைக்கலாகாது.

பராமரிப்பாளரைத் தேடும்போதும் பணம் செலுத்தும்போதும்

பழுது நேர்ந்தவுடன் இணையத்தில் 'வாடிக்கையாளர் சேவை எண்' தேடி, முதலில் தென்படும் எண்ணை அழைப்பது இன்று பலருக்கு வழக்கமாகிவிட்டது. மோசடியாளர்கள் காத்திருப்பதும் அந்த இடத்தில்தான். பதிவுக் கட்டணமாகப் பத்து ரூபாய் அனுப்பச் சொல்லி ஓர் இணைப்பைத் தருவர்; அல்லது திரையைப் பகிரும் செயலியை நிறுவச் சொல்வர். அதன் வழியே கணக்கிலுள்ள தொகை முழுவதும் போய்விடும். சேவை எண்ணை உத்தரவாத அட்டையிலிருந்தோ, சாதனத்தின் மேலுள்ள வில்லையிலிருந்தோ, நிறுவனத்தின் அதிகாரபூர்வத் தளத்திலிருந்தோ மட்டும் எடுக்க வேண்டும். பணம் பெறுவதற்கு யு.பி.ஐ. பின் எண் தேவைப்படுவதே இல்லை. அதைக் கேட்பவர் பணம் பறிப்பவரே. ஏமாற்றப்பட்டதாக உணர்ந்தால் தாமதமின்றி 1930 என்ற எண்ணை அழைத்து, வங்கிக்கும் தெரிவிக்க வேண்டும்.

ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் கையொப்பமிடும்முன், அது உதிரிபாகங்களையும் உள்ளடக்கியதா அல்லது உழைப்புக்கு மட்டுமா என்று கேட்க வேண்டும். வாயு நிரப்புதல், மின்னணுப் பலகை, காயில் ஆகிய மூன்றும் அதில் அடங்குமா என்பதை எழுத்தில் பெற வேண்டும். கம்ப்ரசருக்குப் பத்தாண்டு உத்தரவாதம் என்ற விளம்பரம் பெரும்பாலும் கம்ப்ரசர் என்னும் பாகத்துக்கு மட்டுமே. வாயுவும் கூலியும் நம் செலவாகலாம். ரசீதுகளையும் அட்டைகளையும் படமெடுத்து ஒரே கோப்பில் சேமித்துவைத்தால், முறையீடு செய்ய நேரும்போது உதவும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

வீட்டுக் காப்பீட்டிலும் ஒரு நுட்பம் உண்டு. 2021 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள பாரத் கிருக ரக்ஷா என்னும் பொதுத் திட்டத்தில், கட்டடத்துக்கும் பொருட்களுக்கும் சேர்த்துக் காப்பீடு எடுக்கும்போது, கட்டடக் காப்பீட்டுத் தொகையின் 20 விழுக்காடு வரை, 10 லட்சம் ரூபாய் என்ற உச்சவரம்புக்கு உட்பட்டு, வீட்டுப் பொருட்கள் தனிப் பட்டியலின்றியே காக்கப்படுகின்றன. மின்கசிவாலோ தானே சூடேறியோ கெட்டுப்போன அந்த ஒரு சாதனத்துக்கு மட்டும் இழப்பீடு கிடையாது. அதிலிருந்து பரவிய தீயால் மற்றப் பொருட்களுக்கு நேர்ந்த இழப்புக்கு உண்டு. வீட்டுக் கடனுக்காக எடுத்த காப்பீடு கட்டடத்துக்கு மட்டுமா, பொருட்களுக்கும் சேர்த்தா என்பதை இன்றே எடுத்துப் பார்ப்பது நன்று.

நினைவில் நிறுத்த

பிப்ரவரி: ஏ.சி. வடிகட்டி, வெளி அலகு, வடிகுழாய், தாங்கும் சட்டம் ஆகியவற்றின் சோதனை.

ஏப்ரல்: கூலர் பட்டை, எர்த் இணைப்பு, ஆர்.சி.சி.பி. சோதனை. வாரந்தோறும் தொட்டியைக் காலிசெய்து தேய்த்தல்.

ஜூலை: ஏ.சி. டிரை நிலை, பிளக், சாக்கெட் ஆகியவற்றில் கருகல் உண்டா என்ற பார்வை.

அக்டோபர்: கூலரை உலர்த்தி மூடுதல், கீசர் வால்வு, தெர்மோஸ்டாட், மக்னீசியத் தண்டு ஆகியவற்றின் சோதனை.

டிசம்பர்: ஹீட்டருக்கு 16 ஆம்பியர் சாக்கெட்; கேஸ் கீசர் வெளியே; கரித்தணலுக்கு இடமில்லை.

இப்பணிகளில் பெரும்பாலானவற்றுக்கு ஓர் ஞாயிற்றுக்கிழமையின் முற்பகல் போதும். செலவு நேர்வனவற்றுக்கு மாதந்தோறும் ஒரு சிறு தொகையைத் தொடர் வைப்பில் சேர்த்துவந்தால், கோடை மின்கட்டணமோ திடீர்ப் பழுதோ குடும்பத்தின் வரவு செலவைக் குலைக்காது. ஆனால் இவற்றுள் முதலில் செய்ய வேண்டியது பணமே செலவாகாத ஒன்று: இன்று மாலை வீட்டின் குளியலறைக்குள் சென்று, அங்கே எரிவாயுவில் இயங்கும் கீசர் இருக்கிறதா, இருந்தால் அதன் புகை வெளியேற வழி இருக்கிறதா என்று ஒருமுறை நிமிர்ந்து பாருங்கள்.